கண்டனூர்ச் சுவரில் மூன்று சொட்டு எலுமிச்சை

2025 நவம்பர் 22, சனிக்கிழமை, பகல் 12 மணி 52 நிமிடம். காலையிலிருந்து பெய்த தூறல் நின்று இருபது நிமிடம் ஆகியிருந்தது. முற்றத்து ஓட்டு விளிம்பு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் நான் கண்டனூரில் ஒரு பெரிய வீட்டின் போசன ஹாலில், 212 பேர் பார்த்துக்கொண்டிருக்க, வலது கையில் அரை எலுமிச்சம்பழமும் இடது கையில் ஐந்து ரூபாய் நாணயமுமாகச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன். வயது 69. வினாடி வினா நடத்தப் போகிறவருக்கு இப்படியும் ஒரு நிலை வரலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்லிவிடுகிறேன். கேட்காவிட்டால் அவர்கள் பாடு.

1. தொழில்

காரைக்குடியில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். வினாடி வினா நடத்துவது இருபத்தெட்டு வருடமாக. இதுவரை 164 போட்டிகள், 9,214 கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கார்டு. முன்பக்கம் கேள்வியும் விடையும், பின்பக்கம் அந்த விடைக்கு இரண்டு ஆதாரம். இரண்டு ஆதாரம் கிடைக்காத கேள்வி எவ்வளவு அழகாக இருந்தாலும் பெட்டிக்குள் போகாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது குவிஸ் மாஸ்டர் ஆவதற்கு ஒரு கோட்டும் ஒரு செல்போனும் போதும் என்று ஆகிவிட்டது. காலையில் எழுந்ததும் வாட்ஸ்அப்பில் வருகிறது: நிலாவிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும். மதியம் அது கேள்வியாகிவிடுகிறது. மாலையில் ஒரு பிள்ளை அந்தப் பொய்யைச் சரியாகச் சொல்லிக் கோப்பை வாங்கிக்கொண்டு போகிறது. நிலாவிலிருந்து அந்தச் சுவர் தெரியாது. நிலாவிலிருந்து தெரிவதற்கு அது என்ன, சுவரா, சமுத்திரமா?

என் தீர்ப்புக்கு வந்த ஆட்சேபணைகள் 71. அதில் நியாயமானவை 3. அந்த மூன்றிலும் மதிப்பெண் கொடுத்துவிட்டு மேடையிலேயே மன்னிப்பு கேட்டேன். மீதி 68 பேர் இன்றைக்கும் என்னைத் தெருவில் பார்த்தால் அங்குட்டுத் திரும்பிக்கொள்கிறார்கள்.

என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசிக் கேள்வி, போட்டி நடக்கிற இடத்திலேயே கண்ணுக்கு எதிரே இருக்கிற பொருளைப் பற்றியதாக இருக்கும். ரயில் நிலையத்துப் பக்கத்தில் நடந்தால் தண்டவாளங்களுக்கு நடுவே ஏன் இடைவெளி விட்டிருக்கிறது என்று கேட்பேன். கல்யாண மண்டபத்தில் நடந்தால் வெண்கலக் குத்துவிளக்கில் என்னென்ன உலோகம் என்று கேட்பேன். புத்தகம் படித்த பிள்ளையையும் கண் திறந்த பிள்ளையையும் ஒரே கேள்வியில் பிரித்துவிடலாம். இது பெருமைக்குரிய முறை என்று நவம்பர் 22 வரை நினைத்திருந்தேன்.

2. அந்த வீடு

வீட்டுச் சொந்தக்காரர் சாத்தப்பன், சென்னையில் வியாபாரம். வருடத்தில் கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று ஏழெட்டு நாள் மட்டும் திறக்கிற வீடு. இப்போது சுற்றிப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருவதால் மாதம் நாலு நாள் கூடுதலாகத் திறக்கிறார்கள். ஊர் நலச் சங்கத்தின் வினாடி வினாவுக்கு அவர்தான் ஸ்பான்சர். இடம் அவருடையது, சாப்பாடு அவருடையது, கோப்பையில் பெயரும் அவருடையது.

போசன ஹாலின் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெள்ளை. முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு. கையை வைத்தால் வெயில் காலத்திலும் குளிரும். அன்று வரவேற்புரை என்ற பெயரில் சாத்தப்பன் முப்பத்தைந்து நிமிடம் அந்தச் சுவரைப் பற்றித்தான் பேசினார்.

"எங்க பாட்டையா இந்தச் சுவத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் முட்டை வாங்குனாக. வெள்ளைக்கருவைச் சுண்ணாம்புல கலந்து பூசுனாக. அதுதான் இன்னைக்கும் கல்லு மாதிரி நிக்கிது."

எல்லாரும் கை தட்டினார்கள். நான் கணக்குப் போட்டேன். அந்தக் காலத்து நாட்டுக்கோழி வருடத்துக்கு அறுபது முட்டை இட்டாலே பெரிது. அப்படியானால் இரண்டாயிரம் கோழி ஒரு முழு வருடம் அடைகாக்காமல், குஞ்சு பொரிக்காமல், சாத்தப்பன் பாட்டையாவுக்காகவே உழைத்திருக்க வேண்டும். அவற்றுக்குத் தீனி போட்ட கணக்கை யாரும் சொல்லவில்லை.

பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய போட்டி 10.47க்குத் தொடங்கியது. அணிகள் எட்டு. மூன்று சுற்று முடிந்தபோது இரண்டு அணி தலா 90 மதிப்பெண்ணில் நின்றன. ஒன்று காரைக்குடியிலிருந்து வந்த பெரிய தனியார் பள்ளி: இரண்டு பையன்கள், டை, இரண்டு பயிற்சியாளர்கள். இன்னொன்று கீழச்சிவல்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளி: ஜெனிஃபர், கார்த்திகா என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர். கூட வந்தவர் அவர்களுடைய அறிவியல் ஆசிரியர் லூர்துசாமி. ஜெயிக்கிற அணி டிசம்பரில் மதுரையில் நடக்கும் மண்டலப் போட்டிக்குப் போகலாம். அந்தப் பள்ளியிலிருந்து இதுவரை ஒரு அணியும் மதுரைக்குப் போனதில்லை என்று லூர்துசாமி என்னிடம் தேநீர் நேரத்தில் மூன்று முறை சொன்னார். நான்காவது முறை சொல்ல வந்தபோது மணி அடித்தேன்.

3. 9,214ஆம் கார்டு

கடைசிக் கேள்வி. நேரடியாகச் சொன்னால் 10, பாஸில் வந்து சொன்னால் 5. முறைப்படி தனியார் பள்ளிக்கு.

"இந்த ஹாலின் சுவரைப் பாருங்கள். பூசும்போது குழம்பாக இருந்த சுண்ணாம்பு, பிறகு கல்லாக இறுகிவிட்டது. அதை இறுக வைத்தது எது?"

டை கட்டிய பையன் யோசிக்கவே இல்லை. காலையில் முப்பத்தைந்து நிமிடம் சொல்லித் தரப்பட்ட பாடம் அல்லவா. "முட்டை வெள்ளைக்கரு."

ஹாலே கை தட்டியது. முன்வரிசையில் சாத்தப்பன் எழுந்து நின்று தட்டினார்.

"தவறு. பாஸ்," என்றேன்.

தட்டிய கைகள் அப்படியே நின்றன. ஜெனிஃபர் கார்த்திகாவைப் பார்க்கவில்லை, வாத்தியாரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். "காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு சார். நீத்துன சுண்ணாம்பு அதை இழுத்து கால்சியம் கார்பனேட் ஆயிரும்."

"சரி. ஐந்து மதிப்பெண்."

95க்கு 90. போட்டி முடிந்தது. முடிந்திருக்க வேண்டும்.

சாத்தப்பன் மேடைக்கு வந்து என் கையிலிருந்த மைக்கைத் தம் பொருளை வாங்குவதுபோல வாங்கினார். "சார், நீங்க படிச்சவுக. ஆனா இது எங்க வீடு. என்ன போட்டுக் கட்டுனாகன்னு எங்களுக்குத் தெரியாதா? காத்துல சுவரு இறுகுமாக்கும். அப்படின்னா எங்க பாட்டையா எதுக்கு இம்புட்டுச் செலவழிச்சாரு, சன்னலைத் திறந்து வச்சிருந்தாப் போதுமே."

ஹால் சிரித்தது. நல்ல நகைச்சுவை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சன்னலைத் திறந்துதான் வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் பூச்சு இறுகாது.

சங்கச் செயலாளர் பழனியப்பன் என் காதருகே வந்தார். நாற்பது வருடமாக எல்லாச் சண்டையையும் பாதியாக வெட்டிப் பங்கு போட்டே பழகியவர். "சார், ரெண்டு பேருக்கும் மார்க் குடுத்துருங்க. பெரிய மனுசன் வீடு. சாப்பாடு வேற ஆறுது."

"முட்டைக்கு மார்க் இல்லை," என்றேன்.

"அப்ப நிரூபிச்சுக் காட்டுங்க," என்றார் சாத்தப்பன். "இந்தா, இத்தனை பேரு இருக்கோம். காத்துதான்னு செஞ்சு காட்டுங்க பாப்போம்."

கார்டைத் திருப்பி ஆதாரம் இரண்டையும் வாசித்திருக்கலாம். குவிஸ் மாஸ்டருக்கு அதற்கு மேல் கடமை கிடையாது. அல்லது, அந்த வீட்டின் பின்கட்டில் பழைய சுவரிலிருந்து உதிர்ந்த பூச்சுத் துண்டுகள் ஒரு கூடை நிறையக் கிடந்தன. காலையில் கை கழுவப் போனபோது பார்த்திருந்தேன். ஒரு துண்டு எடுத்து வரச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முப்பத்து மூன்று வருடம் வகுப்பில் செய்முறை காட்டியவனிடம் 212 பேர் முன்னால் "செஞ்சு காட்டுங்க" என்று ஒருவர் சொன்னால், அவன் புத்தி கூடையை நோக்கிப் போவதில்லை. நேரே சுவரை நோக்கிப் போகிறது.

சமையல்கட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார்கள். பாதியாக நறுக்கினேன். விளக்கம் சொன்னேன்: சுவர் கால்சியம் கார்பனேட்டாக மாறியிருந்தால், அமிலம் பட்டதும் உள்ளே போன கார்பன் டை ஆக்சைடு நுரைத்து வெளியே வரும்.

முதல் சொட்டு. பளபளப்பின்மேல் உருண்டு, நேராகக் கீழே ஓடிவிட்டது. நுரையும் இல்லை, ஒன்றும் இல்லை.

"முட்டை சார்," என்றார் சாத்தப்பன். "விடாது."

இந்த முறை ஹால் சிரித்ததில் லூர்துசாமியின் முகம் வெளுத்துவிட்டது. ஜெனிஃபர் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் சட்டைப் பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்தேன். மேல்பூச்சை லேசாகச் சுரண்டினேன். லேசாக என்பது அன்று என் மதிப்பீடு.

இரண்டாவது சொட்டு நுரைத்தது. மூன்றாவதைப் பிழியும்போது மைக்கைத் திரும்ப வாங்கிச் சுவரோடு சேர்த்துப் பிடித்தேன். சுர்ர்ர் என்ற சத்தம் நான்கு ஸ்பீக்கரிலும் கேட்டது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"இந்த நுரையில் வருவது இந்த வீட்டைக் கட்டின நாளில் இந்த ஹாலுக்குள் இருந்த காற்று," என்றேன். "அத்தனை வருடம் சுவருக்குள் இருந்துவிட்டு இப்போதுதான் வெளியே வருகிறது. கட்டும்போது உங்கள் பாட்டையா இங்கே நின்று மேற்பார்வை பார்த்திருந்தால், அவர் விட்ட மூச்சும் இதில் கொஞ்சம் இருக்கும்."

சாத்தப்பன் சுவருக்கு அருகே வந்து குனிந்து, நுரை அடங்கும் வரை பார்த்தார். பிறகு மைக்கில், "அந்தப் பிள்ளைகளுக்கே குடுத்துருங்க," என்றார். கோப்பையை அவரே எடுத்துக் கொடுத்தார். நியாயமான மனிதர். அந்த நியாயம் இரண்டு நாள் நீடித்தது.

4. கறை

சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் நுரைத்த இடம் காய்ந்திருந்தது. ஏழு செ.மீ. நீளம், நாலு செ.மீ. அகலம். கண்ணாடி மாதிரி இருந்த சுவரில் பார்வை போன கண் மாதிரி ஒரு மங்கல். அதற்குக் கீழே எலுமிச்சைச் சாறு ஓடிய தடம் 31 செ.மீ. அமிலம் அந்தப் பளபளப்பைத் தின்றுவிட்டது. வேதியியல் என் பக்கம் இருந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அப்படி நினைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன்.

திங்கட்கிழமை சாத்தப்பன் கூப்பிட்டார். "சார், பிள்ளைகளுக்கு மார்க் குடுத்துட்டீக. என் சுவத்துக்கு என்ன குடுக்கப் போறீக?"

"நீங்கள்தான் செய்து காட்டச் சொன்னீர்கள்."

"செஞ்சு காட்டச் சொன்னேன். என் சுவத்துல செய்யுங்கன்னு சொன்னேனா?"

கணக்கில் சேர்த்துக்கொண்டேன். 72ஆவது ஆட்சேபணை. நியாயமானவற்றில் நான்காவது.

செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தேன். கொத்தமங்கலத்திலிருந்து சேவுகன் என்ற கொத்தனாரை வரவழைத்திருந்தார்கள். பழைய சுவர்களுக்கு அந்தப் பக்கத்தில் அவர்தான். தடத்தை விரலால் தடவிவிட்டு, "ஒட்டுப் போட்டாத் தெரியும் சார். மூணுக்கு அஞ்சு அடி, இந்தக் கட்டம் முழுக்கச் சுரண்டிட்டுத்தான் பூசணும்," என்றார். சாமான் பட்டியல் சொன்னார். கடைசியில், "முட்டை முப்பது."

"முட்டை எதற்கு?" என்றேன். சாத்தப்பன் என்னைப் பார்க்காமல் மேலே உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் லேசாக அசைந்தது.

"சார், காத்து இறுக்கும். நீங்க சொன்னது சரிதேன். எந்தச் சுண்ணாம்பும் காத்துலதேன் இறுகும். மினுமினுப்பை யாரு தாரது? மேல்பூச்சுல வெள்ளைக்கருவைக் கலந்து, ஈரம் போகுமுன்ன கூழாங்கல்லை வச்சுத் தேயி தேயின்னு தேய்க்கணும். இல்லாட்டி மாட்டுக்கொட்டடிச் சுவரு மாதிரித்தேன் இருக்கும்."

பதினைந்து சதுர அடிக்கு முப்பது முட்டை. சதுர அடிக்கு இரண்டு. வீட்டில் அந்த மாதிரிப் பூச்சு எத்தனை சதுர அடி என்று அங்கேயே காலடியால் அளந்தேன். ஏறக்குறைய பதினெட்டாயிரம். ஆக முப்பத்தாறாயிரம் முட்டை. சாத்தப்பன் சொன்னதில் எண்பத்து நாலாயிரம் அதிகம் என்று அவரிடம் தெரிவித்தேன்.

"எண்ணிக்கை கிடக்கட்டும் சார். முட்டை இருக்குல்ல?" என்றார்.

இருக்கிறது. அதைத்தான் என் கார்டு சொல்லவில்லை.

5. கையெழுத்து

புதன்கிழமை பழனியப்பன் என் வீட்டுக்கு வந்தார். தனியார் பள்ளியிலிருந்து சங்கத்துக்குக் கடிதம் வந்திருந்தது. கொத்தனாரே முட்டை உண்டு என்று சொல்லிவிட்டதால் இரண்டு விடையும் சரி, ஆகவே மறுபடியும் ஒரு சுற்று நடத்த வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கண்டனூரில் ஒரு கொத்தனார் பேசியது காரைக்குடிக்கு இருபது மணி நேரத்தில் போயிருக்கிறது. தபால் துறை கவனிக்க வேண்டிய வேகம்.

பழனியப்பன் தட்டச்சு செய்த ஒரு தாளையும் கொண்டுவந்திருந்தார். 'இரண்டு விடைகளும் ஏற்கத்தக்கவை' என்று நான் சொல்வதாக நாலு வரி. கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"இதுல போட்டுட்டீகன்னா சுவத்துச் செலவை சாத்தப்பன் பாத்துக்கிறேன்கிறாரு. சுத்திக் காட்டுறவன் வெளிநாட்டுக்காரனுகளுக்கு முட்டைக் கதையைச் சொல்லணும்ல, அவருக்கு அது போதும். மறுபடியும் ஒரு சுத்து வைப்போம். அந்தப் பிள்ளைக கெட்டிக்காரப் பிள்ளைக, திரும்பவும் ஜெயிச்சுரும்."

"ஜெயிக்காவிட்டால்?"

"அது அவுக தலையெழுத்து."

அதாவது, சரியான விடை சொன்ன பிள்ளைகள் அதே போட்டியில் இரண்டாவது முறை ஜெயிக்க வேண்டும். என் ஐந்து ரூபாய் நாணயம் சுவரைச் சுரண்டியதற்கு அவர்கள் பரீட்சை எழுத வேண்டும்.

என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். "பென்சன் வாங்குற மனுசன். ரெண்டும் சரின்னு எழுதிக் குடுத்தா உங்களுக்கு என்ன கொறஞ்சிரும்? சுவத்துலயும் பாதி முட்டைதானே இருக்கு."

இரவு முழுக்க யோசித்தேன் என்று எழுத ஆசைதான். காபி ஆறுவதற்குள் யோசித்துவிட்டேன். நான் கேட்டது சுவரை இறுக வைத்தது எது என்று. மின்ன வைத்தது எது என்று கேட்டிருந்தால் முட்டைக்குப் பத்து மதிப்பெண். கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு விடை சொன்னவனுக்கு மார்க் போட்டால், கேட்ட கேள்விக்குச் சொன்னவள் எதற்குப் படித்தாள்?

தாளைத் திருப்பிக் கொடுத்தேன். "சுவரை நான் பூசிக் கொடுக்கிறேன் என்று சாத்தப்பனிடம் சொல்லுங்கள். மறு சுற்று கிடையாது."

"எதுக்கு சார் இம்புட்டு வீம்பு?" என்று கேட்டுவிட்டுப் பழனியப்பன் காபியைக் குடித்தார்.

டிசம்பர் 1 முதல் 4 வரை சேவுகனும் ஒரு கையாளும் வேலை செய்தார்கள். நாலு நாளும் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். முட்டைகளை எண்ணினேன், முப்பது. இரண்டாம் நாள் சாத்தப்பன் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சேவுகன் கூழாங்கல்லால் தேய்க்கத் தேய்க்க, மங்கலாக இருந்த பூச்சில் முதலில் சன்னலும் பிறகு எங்கள் இரண்டு பேர் வேட்டியும் தெரிந்தன. ஒரு முறை சாத்தப்பன், "இதுல இப்ப நம்ம மூச்சும் போகுமா சார்?" என்று கேட்டார். "காய்ந்து இறுகும் வரைக்கும் போகும்," என்றேன். அவர் பாதிச் செலவைத் தருவதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு மாலை, லூர்துசாமியின் போனிலிருந்து ஜெனிஃபர் பேசினாள். மதுரையில் பன்னிரண்டு அணிகளில் நான்காவது இடம்.

"சார், மனுசங்க மூளையில பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துறோம்னு அங்க விடை வச்சிருந்தாக சார். அது தப்புதானே?"

"தப்பு. நீ என்ன செய்தாய்?"

"ஆட்சேபணை எழுதிக் குடுத்தோம். அஞ்சு மார்க் தந்தாக. நாங்க எதையும் ஊத்திக் காட்டலை சார்."

பக்கத்தில் கார்த்திகா சிரிக்கிற சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டேன்.

இளைஞர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். விடையை இரண்டு இடத்தில் சரிபாருங்கள். கேள்வி எந்தப் பொருளைப் பற்றியதோ, அந்தப் பொருளில் கை வைத்து வேலை செய்கிற ஒரு ஆளிடம் மூன்றாவதாகக் கேளுங்கள். மேடையில் எதையும் நிரூபிக்கப் போகாதீர்கள். போனால், உங்கள் வீட்டிலிருந்து ஒரு செங்கல் கொண்டுபோங்கள். இதையெல்லாம் மீறிச் சரியான தீர்ப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டால், அதைக் காப்பாற்றுவதற்கும் செலவாகும். என் செலவு: கொத்தனார் நாலு நாள் 4,800. கையாள் நாலு நாள் 3,200. சுண்ணாம்பு, மணல் முதலிய சாமான் 2,150. முட்டை முப்பது 210. தேநீர் 240. பேருந்து, போட்டி நாளையும் சேர்த்து ஆறு நாள் போக வர, 120. இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டேன்: பத்தாயிரத்து எழுநூற்று இருபது ரூபாய்.